சிலந்தி கடி என்று நான் சொன்ன தீர்ப்பு

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் முடித்துவிட்டு வந்து நிதானமாகப் படிக்கலாம்.

இந்த வாரம் ஒரே படம் ஆறு பேரிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. வெளிர் மஞ்சள் உடம்பில் இரண்டு சிவப்புக் கோடு போட்ட ஒரு சிலந்தி. கழிவறை இருக்கைக்கு அடியில் ஒளிந்திருக்குமாம், கடித்தால் மரணம் நிச்சயமாம், எல்லோருக்கும் பகிர வேண்டுமாம். அனுப்பியவர்களில் இரண்டு பேர் என் பழைய மாணவிகள். அதில் ஒருத்தி கூடவே கேட்டிருந்தாள்: "டீச்சர், இது நம்ம ஊர்ல இருக்கா? போன மாசம் என் தொடையில ஒரு புண்ணு வந்துச்சு. சிலந்தி கடின்னு சொன்னாங்க."

படத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு உறைத்தது. போன மார்கழியில் அதே வார்த்தையை என் நாத்தனாரிடம் சொன்னவள் நான். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்தவள். நான் சொன்ன அந்தத் தீர்ப்பால் அவள் செத்துப் பிழைத்தாள். வீட்டில் ஒருவரும் இன்றுவரை அதைக் குத்திக்காட்டவில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

நாத்தனாருக்குப் பிள்ளையார்பாளையத்தில் வீடு. கூடத்தில் குழித்தறி. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: தரையில் குழி வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதித்து நெய்வது குழித்தறி. அந்தக் குழி எப்போதும் கொஞ்சம் இருட்டாகவும் ஈரமாகவும் இருக்கும். கரப்பான், பூரான், தேள், எட்டுக்கால் பூச்சி எல்லாம் அதில் குடித்தனம் நடத்தும். காலையில் உட்காருவதற்கு முன் ஒரு குச்சியை உள்ளே விட்டு நாலு தட்டு தட்டிவிட்டுத்தான் என் மாமனார் காலை இறக்குவார். அதனால் நெசவு வீட்டில் யாருக்கு உடம்பில் எங்கே தடிப்பு வந்தாலும் பழி முதலில் தறிக்குழி மேல்தான் விழும்.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். போன் செய்தாள். "அண்ணி, இடுப்புல ஏதோ கடிச்சிருக்கும் போல. கறுப்பா ஒரு பொருக்கு. வலியும் இல்ல, அரிப்பும் இல்ல. ஆனா ரெண்டு நாளா காய்ச்சல், தலை வெடிக்குது."

போய்ப் பார்த்தேன். புடவை செருகும் இடத்துக்குக் கீழே, பழைய ஐம்பது காசு அளவுகூட இருக்காது, கறுத்துக் காய்ந்த பொருக்கு. அதைச் சுற்றி சிவப்பாக ஒரு வளையம். பீடி நெருப்பால் சுட்ட மாதிரி இருந்தது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டேன்: "எட்டுக்கால் பூச்சிதான். விஷம் இறங்கின இடம் கறுத்துப்போச்சு. அந்த விஷத்துக்குத்தான் காய்ச்சல். பயப்படாதே, ரெண்டு மூணு நாள்ல இறங்கிடும்."

எங்கேயோ படித்தது மண்டையில் இருந்தது. அமெரிக்காவில் ஒரு பழுப்புச் சிலந்தி கடித்தால் சதை கறுத்து அழுகும் என்று. கறுப்பைப் பார்த்ததும் அந்தப் பாதி அறிவு எழுந்து நின்றுகொண்டது.

டீச்சர் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? மாமியார் குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போட்டார். பக்கத்து வீட்டம்மா, வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வரச் சொன்னார். பல்லி விழுந்த தோஷத்துக்குத்தானே அது, சிலந்திக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "பல்லிதானே சிலந்தியைத் தின்னுது" என்று பதில் வந்தது. இந்தத் தர்க்கத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. காய்ச்சலோடு ஆட்டோவில் போய் அதையும் தொட்டுவிட்டு வந்தாள். நடுவில் ஒரு மருந்துக்கடையில் நோயைச் சொல்லி மாத்திரை வாங்கினோம். "சிலந்தி கடிச்சு காய்ச்சல்" என்று சொன்னால் கடைக்காரர் என்ன கொடுப்பார்? அரிப்புக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, புண் ஆற ஒன்று. சாப்பிட்டாள். காய்ச்சல் இறங்கும், ராத்திரி ஏறும்.

ஏழாம் நாள் இருமல் வந்தது. எட்டாம் நாள் மூச்சு இரைத்தது. கண்ணில் லேசாக மஞ்சள் தெரிந்தது. அன்று மாலை பேரனைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்குக் கை கால் உதறியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

பணியில் இருந்தது ஒரு சின்னப் பெண். என் கடைசி வருஷத்து மாணவிகள் வயதுதான் இருக்கும். முதல் கேள்வியே, "புல், புதர் பக்கம் போவாங்களா?" என்பதுதான். போவாள். வீட்டில் இரண்டு ஆடு இருக்கிறது. வேகவதி ஓரம் தழை ஒடிக்கத் தினமும் போவாள். நான் குறுக்கே புகுந்து, "டாக்டர், இது சிலந்தி கடி. இடுப்புல இருக்கு" என்றேன்.

"சிலந்தியை யாராவது பாத்தீங்களாம்மா?"

யாரும் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. எட்டு நாளாக அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவும் இல்லை. டாக்டர் பற்றைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். "இது சிலந்தி இல்லம்மா. ஸ்க்ரப் டைபஸ். இந்தப் பொருக்கைப் பாத்தா போதும். ரத்தம் எடுக்கிறோம், ஆனா ரிசல்ட்டுக்குக் காத்திருக்கப் போறதில்ல." அந்த ராத்திரியே டாக்சிசைக்ளின் மருந்தை நரம்பு வழியாக ஏற்ற ஆரம்பித்தார்கள். மூன்று நாள் ஆக்சிஜன். இரண்டாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் பேரனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

எட்டு நாளைக்கு முன்னால் போயிருந்தால் மாத்திரையோடு முடிந்திருக்கும் வியாதி.

ஸ்க்ரப் டைபஸைத் தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்கிறார்கள். மாட்டின் மேல் பார்க்கிற உண்ணி இல்லை இது. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன ஒரு பேன்பூச்சியின் குஞ்சு. அது கடிக்கும்போது ஒரு பாக்டீரியா உடம்புக்குள் போகிறது. கடித்தது தெரியாது. ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. கவனிக்காமல் விட்டால் நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லைக் காடுகளில் போர்வீரர்களைப் படுக்கையில் போட்ட காய்ச்சல் இதுதான். இன்றைக்கு நம் பக்கத்தில் மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது அதிகம் வருகிறது. 2025 பிறந்த சமயத்தில் பொது சுகாதாரத் துறை இதைப் பற்றி எச்சரிக்கை விட்டபோது நம் மாவட்டத்தின் பெயரும் அதில் இருந்தது. நான் பேப்பரில் படித்தேன். படித்து மடித்து வைத்துவிட்டேன்.

கறுப்புப் பொருக்கு எல்லோருக்கும் இருக்காது. இருந்தாலும் அக்குள், மார்புக்குக் கீழே, இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு என்று மறைவான இடமாகத்தான் பார்த்து உட்காரும். நம் பெண்கள் அதை வீட்டில்கூட காட்டமாட்டார்கள், ஆண் டாக்டரிடம் எங்கே காட்டுவார்கள்? அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். காய்ச்சலோடு டாக்டரிடம் போனால், உடம்பில் அப்படி ஒரு பொருக்கு இருந்தால், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் என்று விலை மலிவான மருந்துதான். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து நரம்பில் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று கண்டுபிடித்ததும் நம் பக்கத்து வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வுதான். ஏறத்தாழ 800 நோயாளிகள், 2023-இல் வெளிவந்தது.

ஒரு வேடிக்கை. வகுப்பில் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்: சிலந்தி பூச்சி இல்லை, பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டுக் கால், சிலந்தியும் தேளும் உண்ணியும் ஒரே வகுப்பு என்று. இந்தப் பேன்பூச்சியும் அதே வகுப்பில்தான் வரும். வளர்ந்தால் எட்டுக் கால். ஆனால் மனிதனைக் கடிக்கிற குஞ்சுப் பருவத்தில் அதற்கு ஆறு கால்தான். ஆக, "எட்டுக்கால் பூச்சி" என்று நான் சொன்னதில் இரண்டு கால் அதிகம். பரீட்சை என்றால் அரை மார்க்காவது கொடுத்திருப்பேன். ஆஸ்பத்திரியில் அரை மார்க் கிடையாது.

அவள் வீடு திரும்பிய பிறகு இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் "சிலந்தி கடி" என்ற பெயருக்குள் எத்தனை வியாதி ஒளிந்திருக்கிறது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. வார்த்தையிலேயே குழப்பம் இருக்கிறது. தமிழில் சிலந்தி என்றால் வலை கட்டும் உயிர் மட்டுமில்லை, சீழ்க்கட்டிக்கும் புண்ணுக்கும்கூட அந்தப் பெயர் உண்டு. பழைய ஆட்களுக்கு நரம்புச் சிலந்தி ஞாபகம் இருக்கும். காலில் கொப்புளம் உடைந்து நூல் மாதிரி நீளமாக ஒரு புழு வெளியே வரும். படிக்கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வந்த நோய் அது. அதற்கும் சிலந்திக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. இந்தியாவில் அதன் கடைசி நோயாளி 1996-இல், ராஜஸ்தானில். 2000-இல் நாடு அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். புழு போய்விட்டது, பெயர் நிற்கிறது.

மழைக்காலத்தில் இன்னொன்று வரும். ராத்திரி ஒன்றுமில்லாமல் படுத்திருப்பார்கள். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ கழுத்திலோ கையிலோ கோடு இழுத்தாற்போல் சிவந்து, எரிந்து, கொப்புளித்திருக்கும். "சிலந்தி நக்கிட்டுப் போயிடுச்சு" என்போம். ஆங்கில மருத்துவத்திலும் அதைச் சிலந்தி நக்கல் என்றே பேச்சுவழக்கில் சொல்கிறார்கள், ஆனால் அங்கே சிலந்தியே இல்லை. கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கிற, எறும்பு போன்ற ஒரு சின்ன வண்டு. விளக்கு வெளிச்சத்துக்கு வரும். கடிக்காது, கொட்டாது. நாம் அதை உடம்போடு தேய்த்து நசுக்கினால் உள்ளே இருக்கிற சாறு தோலைச் சுட்டுவிடும். மேலே உட்கார்ந்தால் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும்.

அப்படித் தானே ஆறட்டும் என்று விட்டுவிடக் கூடாதது அக்கி. இதையும் நம் பக்கத்தில் "பூச்சி ஊர்ந்துச்சு" என்பார்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், கோர்வைச் சேலை நெய்வதில் கெட்டிக்காரர். ஒரு சித்திரையில் அவருக்கு நெற்றியின் ஒரு பக்கம் மட்டும் இரண்டு நாள் நெருப்பாக எரிந்தது, பிறகு கொத்துக் கொத்தாகக் கொப்புளம். மூக்கு நுனியில்கூட இரண்டு. தூங்கும்போது எட்டுக்கால் பூச்சி ஊர்ந்தது என்று முடிவு கட்டி, மண்பாண்டம் செய்கிறவரிடம் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வந்தார். காவி குளிர்ச்சிதான், இதமாகத்தான் இருக்கும். எழுதுவதை நான் கேலி செய்ய மாட்டேன், என் அம்மாவும் எழுதிக்கொண்டவர்தான். ஆனால் அக்கி என்பது சின்ன வயதில் வந்த அம்மை வைரஸ், நரம்பில் படுத்திருந்து வயதான பிறகு எழுந்து வருவது. அதனால்தான் உடம்பின் ஒரு பக்கமாக மட்டும் பட்டை போட்டாற்போல் வரும். அதற்கு மாத்திரை உண்டு, கொப்புளம் கிளம்பி மூன்று நாளைக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணுக்குப் போகும், அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். பெரியவர் பத்தாம் நாள் போனார். ஒரு கண் மங்கிவிட்டது. கரையும் உடலும் இழை பிசகாமல் சேர வேண்டிய கோர்வையை ஒரு கண்ணால் நெய்ய முடியாது. இப்போது பேரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடா எடுத்துக் கொடுக்கிறார்.

எல்லாவற்றிலும் பயங்கரமானது இன்னொன்று. தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர் நடுராத்திரி ஏதோ சுருக்கென்று பட்டு விழிக்கிறார். அல்லது விழிக்கவே இல்லை. பார்த்தால் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, வீக்கமில்லை, வலியில்லை. "பூச்சி கடி" என்று திரும்பிப் படுக்கிறார். விடியற்காலை வயிற்று வலி, வாந்தி, தொண்டை அடைக்கிறது, இமையைத் தூக்க முடியவில்லை. அது கட்டுவிரியன். அடுத்தது மூச்சு நிற்கும். ராத்திரியில் தரையில் படுத்தவருக்கு இமை தொங்கினால், கடிவாய் இருக்கிறதா இல்லையா என்று தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பு விஷமுறிவு மருந்து நம் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். அதைத் தயாரிக்கத் தேவையான விஷம் எடுக்கப்படுவது எங்கே தெரியுமா? 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில். வடநெம்மேலியில் இருக்கிறது. 2019-இல் செங்கல்பட்டு பிரியும் வரை அதுவும் நம் மாவட்டம்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உண்மையான சிலந்தி கடித்தால் என்ன என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

ஏறக்குறைய எல்லாச் சிலந்திக்கும் விஷம் உண்டு. அது கொசுவுக்கும் ஈக்கும் போதுமான விஷம். பெரும்பாலானவற்றின் பல் நம் தோலில் இறங்காது. நம் வீட்டுச் சுவரில் ராத்திரியில் உள்ளங்கை அகலத்துக்குக் காலைப் பரப்பி நிற்குமே, வயிற்றுக்கடியில் வெள்ளையாக வட்ட வில்லை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடுமே, அதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் அலறுகிறார்கள். வில்லை அதன் முட்டைப் பை. அது வலை கட்டாது, கரப்பானைத் துரத்திப் பிடிக்கும். கையில் பிடித்து நசுக்கினாலொழியக் கடிக்காது. கடித்தாலும் குளவி கொட்டின மாதிரி கொஞ்ச நேரம் கடுக்கும்.

மரப்பொந்துகளில் வாழும் பெரிய மயிர்ச்சிலந்தி வகை ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. காலுக்கடியில் மஞ்சளும் கறுப்பும் பட்டை போட்டு, பட்டுச் சேலை பார்டர் மாதிரி அழகாக இருக்கும். அதில் ஒரு இனத்தை 1899-இல் போகாக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி உலகத்துக்கு அறிவித்தார். அந்த மாதிரி கிடைத்த இடம் நம் அரக்கோணம்! இத்தனை வருஷம் ரயில் மாற மட்டும்தான் அரக்கோணம் போயிருக்கிறேன். அந்த வகை கடித்தால் கடுமையான வலி, சில நாளைக்குத் தசைப்பிடிப்பு இருக்கும். ஆளைக் கொன்றதாகச் சான்று இல்லை. கறுப்பு விதவை என்று சொல்கிற சிலந்தியின் உறவுகளும் இந்தியாவில் உண்டு. அது கடித்தால் வியர்த்துக் கொட்டும், வயிறும் முதுகும் பலகை மாதிரி இறுகும், வலி பரவும். அப்படியானால் ஆஸ்பத்திரிதான், தாமதமே கூடாது. பாம்புக்கான விஷமுறிவு மருந்து சிலந்திக்குப் பயன்படாது. டாக்டர்கள் வலிக்கும் தசைப்பிடிப்புக்கும் மருந்து கொடுத்துக் கவனிப்பார்கள்.

கடித்ததைக் கண்ணால் பார்த்தீர்களா? முடிந்தால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நசுங்கிப்போனாலும் பாட்டிலில் போட்டு எடுத்துப் போங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியில் ஐஸ் சுற்றி வையுங்கள். கையோ காலோ என்றால் தூக்கி வைத்திருங்கள். மோதிரம், வளையல், மெட்டியை வீங்குவதற்கு முன்னால் கழற்றிவிடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகிவிட்டதா என்று டாக்டரைக் கேளுங்கள். சுண்ணாம்பு தடவுவது, சூடு வைப்பது, பிளேடால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். 2012-இல் அசாமில் சதியா என்ற ஊரில் சிலந்திகள் கூட்டமாக வந்து கடிப்பதாகப் பெரிய பீதி கிளம்பி, இரண்டு பேர் இறந்தும் போனார்கள். உலகமெங்கும் செய்தி. ஆனால் அவர்கள் முதலில் போனது மந்திரவாதியிடம். அவர் கடிவாயை பிளேடால் கீறி இரத்தம் வடித்திருக்கிறார். சாவுக்குக் காரணம் சிலந்தி விஷமா, அந்தக் கீறலா என்று கடைசிவரை உறுதியாகவில்லை.

கடித்த இடத்தைத் தாண்டி உடம்பில் எதுவானாலும் சரி, காய்ச்சல், மூச்சுத் திணறல், வாந்தி, இமை தொங்கல், வயிறு இறுகல், குழந்தை விடாமல் அழுவது, அது வீட்டு வைத்தியத்துக்கானது இல்லை.

நான் நம்பி மோசம்போன அந்த அமெரிக்கப் பழுப்புச் சிலந்தியின் கதையையும் தேடிப் பார்த்தேன். அது சதையைக் கறுக்கவைப்பது உண்மைதான். ஆனால் அமெரிக்காவிலேயே, அந்தச் சிலந்தி வாழாத மாநிலங்களில்கூட டாக்டர்கள் புண்ணைப் பார்த்து அதன் பேரை எழுதிவிடுகிறார்களாம். பாதி கிருமிப் புண்ணாக இருக்குமாம். கன்சாஸ் மாநிலத்தில் ஒரே வீட்டில் ஆறு மாதத்தில் 2,055 பழுப்புச் சிலந்திகளைப் பிடித்திருக்கிறார்கள். அந்த வீட்டில் நாலு பேர் குடியிருந்தார்கள். ஒருவரையும் கடித்ததாக இல்லை. இந்த ஆய்வு 2002-இல் வந்திருக்கிறது. முன்னாலேயே படித்திருந்தால் என் வாய் கொஞ்சம் நிதானித்திருக்கும்.

இப்போது அந்த வாட்ஸ்அப் படம். 1999-இல் மின்னஞ்சலில் சுற்றிய கதை இது. அப்போது இல்லாத ஒரு சிலந்திக்கு இல்லாத ஒரு லத்தீன் பேர் வைத்து யாரோ விளையாட்டாக எழுதியது. 2002-இல் இன்னொருவர் அதே கதையில் நிஜமான ஒரு சிலந்தியின் பேரைப் போட்டு மறுபடி அனுப்பினார். டெலமோனியா டிமிடியாட்டா. ஆசியாவின் வெப்பக் காடுகளில் வாழும் குதிக்கும் சிலந்தி. இலை மேல் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். மனிதருக்கு ஒரு தீங்கும் இல்லை, கழிவறையில் அதற்கு வேலையும் இல்லை. தயவுசெய்து எனக்கு ஏழாவது தடவை அனுப்பாதீர்கள்.

நாத்தனார் தேறிவிட்டாள். இப்போதும் வேகவதி ஓரம் தழைக்குப் போகிறாள். நான் சொன்னால் கேட்கவில்லை, அந்தச் சின்ன டாக்டர் சொன்னதைக் கேட்கிறாள்: முழங்கை மூடிய சட்டை, காலில் மூடிய செருப்பு, தரையில் உட்காருவதில்லை, வீட்டுக்கு வந்ததும் துணியை வெந்நீரில் போட்டுவிட்டுத் தேய்த்துக் குளித்துவிடுகிறாள். போன வாரம் நான் போயிருந்தபோது கூடத்துச் சுவரில் அந்த முட்டைப்பைக்காரி நின்றிருந்தது. விளக்குமாறை எடுத்தேன். "விடுங்க அண்ணி, அது பாவம். அது மேல எவ்ளோ பழி போட்டுட்டோம்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்த மாணவிக்கு நேற்று போன் செய்தேன். தொடைப் புண்ணைப் பற்றிக் கேட்டேன். சிலந்தியைப் பார்த்தாயா? இல்லை. கறுப்புப் பொருக்கா? இல்லை டீச்சர், சிவந்து, பழுத்து, சீழ் வந்து உடைஞ்சது. காய்ச்சல்? இல்லை. இதற்கு முன்னால் வந்திருக்கிறதா? கொஞ்சம் யோசித்துவிட்டு, இது மூணாவது தடவை என்றாள். ஆறு மாதத்தில் மூன்று. ராத்திரியில் எழுந்து தண்ணீர் குடிக்கிறாளாம். அவள் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு என்பது எனக்குத் தெரியும். நான் இந்தத் தடவை தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. நாளைக் காலை காப்பிகூடக் குடிக்காமல் போய் இரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஏழு மணிக்குப் போன் பண்ணி எழுப்புவேன் என்றும் சொல்லிவைத்திருக்கிறேன்.